அரிசிம்பருப்புக்கு எந்த ஒயின்?

நம்ம கொங்குப் பக்கம் பிராந்திக் கடைக்குப் பெயரே ஒயின் ஷாப்தான். உள்ளே போய் உண்மையிலேயே ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் பின்வரிசையில் தூசி படிந்து நிற்கும் இனிப்புப் போர்ட் ஒயின் ஒன்றை எடுத்து வைப்பார். அதைக் குடித்துவிட்டு, "இருமல் மருந்தாட்டம் இருக்குதுங்க" என்று ஒயின் பக்கமே திரும்பாமல் போனவர்கள் கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் நிறையப் பேர். இன்னொரு கூட்டம் உண்டு. நல்ல விலை கொடுத்து ரெட் ஒயின் வாங்கி, பள்ளிபாளையம் சிக்கனோடு வைத்துக் குடித்து, நாக்கு வெந்துபோய் வெறுத்தவர்கள். முதல் கூட்டத்துக்கு பாட்டில் சரியில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு பாட்டில் சரிதான், கூடச் சேர்த்த சாப்பாடு சரியில்லை.

"கறிக்கு ரெட், மீனுக்கு ஒயிட்" என்று எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு தொடங்குவதால் வருகிற வினை இது. உப்பும் மிளகும் மட்டும் தடவிக் கறியைச் சுடும் ஊர்களில் அது சரி. அங்கே கறியின் ருசி கறியிலேயே இருக்கிறது. நமக்கு ருசி குழம்பில். அதே கோழி தேங்காய் அரைத்து விட்டால் ஒரு சாப்பாடு, வரமிளகாயில் புரட்டினால் வேறொரு சாப்பாடு. அதனால் தட்டில் கோழியா ஆடா என்று பார்க்க வேண்டாம். மிளகாய் எவ்வளவு, புளி எவ்வளவு, தேங்காயும் நெய்யும் எவ்வளவு என்று பாருங்கள். பாட்டில் தானாக முடிவாகும்.

இந்தக் கணக்கில் கொங்குச் சமையலுக்கு ஒரு வசதி உண்டு. புளியை நாம் அளவாகத்தான் கரைக்கிறோம். மசாலாப் பொடிகளை விட சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், தேங்காய், கடலை எண்ணெய் என்றுதான் கை போகும். ஒயினுக்கு இவை எதுவும் எதிரி இல்லை. புளியும் காரமும் சேர்ந்து ஏறிய குழம்புகளோடு ஒப்பிட்டால் நம் தட்டு ரொம்பச் சுலபம்.

ஒயினில் கவனிக்க வேண்டியவை நான்கு: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் காட்டம். புளிப்பு நெய்யையும் எண்ணெயையும் வாயிலிருந்து கழுவிவிடும், பஜ்ஜிக்கு மேல் எலுமிச்சை பிழிந்த மாதிரி. ஆனால் சாப்பாட்டின் புளிப்பு ஒயினை விட அதிகமாக இருந்தால் ஒயின் சப்பென்று தண்ணீராகிவிடும். புளிக்குழம்போடு பாதி பாட்டில்கள் தோற்பது இதனால்தான். லேசான இனிப்பு மிளகாயை அடக்கும். துவர்ப்பு, அதாவது டானின், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர வைக்கும், வாழைப்பூவைக் கடித்தது போல. கொழுப்பும் புரதமும் கூட இருந்தால் அடங்கிவிடும். மிளகாய் கூட இருந்தால் முரண்டு பிடிக்கும். கடைசியாகக் காட்டம். வாயில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டித்தான் மிளகாய் எரிச்சலைத் தருகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் தொடுகிறது. 14 சதவீத ரெட்டைக் காரச் சிக்கனோடு குடித்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட கதைதான்.

உள்ளூர் ஒயின் என்றால் எது? கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தொண்டாமுத்தூர் பக்கத்து மலையடிவாரத்திலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் உண்டு. ஆனால் அது தின்பதற்கும் சாறுக்குமான பழம். ஒரு லிட்டர் சாறில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் 1 சதவீத ஆல்கஹால் வரும். அதற்காக ஒயின் திராட்சையைச் சர்க்கரை நன்றாக ஏறும்வரை கொடியிலேயே விட்டுப் பறிப்பார்கள். நமக்குக் கிட்டத்தில் அப்படிப்பட்ட தோட்டம் பெங்களூரை ஒட்டிய நந்தி மலைப் பக்கம், அதைத் தாண்டினால் ஹம்பி, பிறகு மகாராஷ்டிரத்தில் நாசிக், சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜ். குரோவர் ஜாம்பா நந்தி மலைக்காரர்கள், சுலா நாசிக், ஃபிராட்டெல்லி அக்லுஜ். இந்த மூன்றையும் உள்ளூர் என்று சொல்லிக்கொள்ளலாம், நம் வெயிலும் மழையும் அறிந்த கொடிகள்தான். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் லேபிள் இல்லாமல் விற்கும் 'ஹோம்மேட்' பாட்டில்களைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம், உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது.

முதல் பாட்டிலாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் செனின் பிளாங் என்கிற ஒயிட். இந்தியாவில் இந்தத் திராட்சையை நாக்கில் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் இனிப்பு விட்டே செய்கிறார்கள். கொய்யா, அன்னாசி வாசனை, அளவான புளிப்பு, துவர்ப்பு இல்லை, ஆல்கஹாலும் 12 சதவீதத்தை ஒட்டித்தான். நம் சாப்பாட்டில் பாதிக்கு இது போதும். இரண்டாவது பாட்டில் சோவின்யோன் பிளாங், இதுவும் ஒயிட்தான். இனிப்பில்லாதது, புல்லும் பச்சை மிளகாயும் போல ஒரு வாசம். மூன்றாவதாக ஷிராஸ் என்கிற ரெட். கேபர்நே என்கிற இன்னொரு ரெட், பீப்பாயில் ஊறிய 'ரிசர்வ்' வகைகள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டாஸ்மாக்கில் கேட்கும்போது எலைட் கடைகளில் கேளுங்கள், சாதாரணக் கடையில் கிடைப்பது அதிர்ஷ்டம். பாட்டிலைக் கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். லேபிளில் அறுவடை ஆண்டு: ஒயிட், இளஞ்சிவப்பான ரோஸே என்றால் இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நடக்கும், அதை வைத்துக் கணக்குப் போடலாம். அடுத்து கழுத்து: ஒயின் மட்டம் இறங்கியிருந்தாலோ, கார்க் மேலே தள்ளிக்கொண்டு பிசுபிசுப்பாக இருந்தாலோ வெயிலில் கிடந்த பாட்டில். மூன்றாவது, கடையில் அது நின்ற இடம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாதம் நின்ற ஒயிட் ஒயின் உலர்திராட்சையை வேகவைத்த வாசம் அடிக்கும். திருகு மூடி போட்ட பாட்டிலை மட்டமாக நினைக்காதீர்கள். நம் சூட்டில் கார்க்கை விட அதுதான் பத்திரம்.

இனி சூடு. ரெட் ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ரூம் 16, 18 டிகிரி. ஈரோட்டில் கார்த்திகை, மார்கழியிலும் வீட்டுக்குள் அது இல்லை. 32 டிகிரியில் ஊற்றிய ரெட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ரெட்டை ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஒயிட்டுக்கு மூன்று மணி நேரம், 8 முதல் 10 டிகிரி. அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கழுத்துவரை முக்கி வையுங்கள், 20 நிமிடத்தில் தயார். வெறும் ஐஸில் புதைத்தால் நேரம் பிடிக்கும். இடையில் காற்று நிற்பதால் குளிர் பாட்டிலைத் தொடுவதில்லை. ஃபிரீசரில் போட்டு மறந்தால் உறைந்து, கார்க்கைத் தள்ளும், பாட்டிலும் விரியலாம்.

கிளாஸை நிரப்ப வேண்டாம். 75 மில்லி ஊற்றுங்கள், தீர்ந்ததும் மறுபடி. நிரப்பி வைத்தால் கடைசி வாய் வெந்நீர்தான். எவர்சில்வர் டம்ளர் கெடுதல் செய்யாது, ஆனால் வாய் அகன்றிருப்பதால் வாசம் நிற்காது, கைச்சூடும் ஏறும். வாய் குறுகிய கண்ணாடி டம்ளர் எதுவும் போதும். செம்பு, பித்தளைச் சொம்பு மட்டும் கூடவே கூடாது. ஒயினின் புளிப்பு செம்பைக் கரைக்கும், புளி போட்டுத் தேய்த்தால் சொம்பு பளபளப்பது அதனால்தானே.

அரிசிம்பருப்பில் தொடங்கலாம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, சீரகம், மஞ்சள், ஒரு தக்காளி, இரண்டு வரமிளகாய். சாதம் குழைவாக இருக்கும், மேலே நெய் மிதக்கும். காரம் குறைவு, புளிப்பு தக்காளி அளவுக்குத்தான். ஒயினுக்கு இதை விட நல்ல தட்டு இல்லை என்றே சொல்வேன். செனின் பிளாங்கை நன்றாகக் குளிர வைத்து ஊற்றுங்கள். ஒரு வாய் சாதம், முழுங்கியதும் ஒரு வாய் ஒயின். நெய் நாக்கில் போட்ட படலத்தை ஒயினின் புளிப்பு உரித்தெடுக்கும், அடியில் இருந்த பூண்டும் சீரகமும் மறுபடி மேலே வரும். ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய் என்றால் ஷார்டொனே என்கிற ஒயிட் கூடப் போடலாம், பீப்பாயில் ஊறிய ஷார்டொனேயின் வெண்ணெய் வாசம் அதோடு ஒட்டும். அப்பளம் இருக்கட்டும். தயிரை மட்டும் தள்ளி வையுங்கள். தயிரின் புளிப்பு வந்ததும் ஒயின் செத்துவிடும், சில நேரம் வாயில் துருப்பிடித்த ருசி கூட நிற்கும். தயிர் இல்லாமல் அரிசிம்பருப்பு இறங்காது என்பவர்கள் ஒயினை முடித்துவிட்டுத் தயிருக்குப் போகலாம். ஊறுகாய்க்கும் அதே கதிதான்.

அடுத்தது பலர் தோற்கும் இடம், பள்ளிபாளையம் சிக்கன். அரைக் கிலோ கோழி சின்னத் துண்டுகளாக, இருநூறு கிராம் சின்ன வெங்காயம், பதினைந்து இருபது வரமிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை. மசாலாப் பொடி கிடையாது. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போடுவார்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில். விதையை உதறும்போது அதுவும் கொஞ்சம் போகிறது, அதனால்தான் இருபது மிளகாய் போட்டும் சாப்பிட முடிகிறது.

இரண்டு கிளாஸ் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஒன்றில் 14 சதவீத கேபர்நே, இன்னொன்றில் குளிர்ந்த செனின் பிளாங். ஒரு துண்டு கறி, கேபர்நே ஒரு வாய். முதலில் பழ ருசி காணாமல் போகும், கசப்பும் துவர்ப்பும் மட்டும் நிற்கும், பிறகு காதுவரை எரியும். தண்ணீர் குடித்துவிட்டு ஒரு தேங்காய்ப் பல்லை மென்று, இன்னொரு துண்டு கறி, செனின் ஒரு வாய். எரிச்சல் முழுக்கப் போகாது, ஆனால் ஏறாது. வதங்கிய வெங்காயத்தின் தித்திப்பும் ஒயினின் தித்திப்பும் கைகோத்துக்கொள்ளும். இந்தச் சோதனை ஒன்றைச் செய்தவர்களுக்கு 'கறிக்கு ரெட்' என்பது தானாக மறந்துபோகும். ரெட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மிளகாயை எட்டாகக் குறைத்துத் தேங்காயைக் கூட்டுங்கள், இளசான ஷிராஸைக் குளிர வைத்து ஊற்றுங்கள். சிந்தாமணி சிக்கனுக்கும் இதே வைத்தியம். கடைக்குக் கடை காரம் மாறுவதால் வாங்கி வந்து சாப்பிடுபவர்கள் முதலில் ருசி பார்த்துவிட்டுப் பாட்டிலைத் திறப்பது நல்லது.

ரெட்டுக்கும் இடம் இருக்கிறது, அது வெள்ளாட்டுக்கறி. கொழுப்போடு இருக்கும் நெஞ்செலும்பு, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்ட குழம்பு, காரம் மிதம். இங்கே டானினுக்கு வேலை கிடைக்கிறது. கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்துக்கொள்ள, ரெட் ஒயின் மெத்தென்று ஆகிவிடும். குரோவரின் லா ரிசர்வ் போன்ற கேபர்நே-ஷிராஸ் கலவையை எடுக்க வேண்டிய நாள் இதுதான். மிளகு போட்டு வறுத்த நாட்டுக்கோழிக்கு ஷிராஸ். மிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்கிற பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் உண்டு. குளிரான இடத்தில் விளைந்த ஷிராஸில்தான் அது தூக்கலாக இருக்கும், நம் வெயிலில் குறைவு. இருந்தாலும் மிளகுக் கறியோடு சேரும்போது அந்தச் சொந்தம் தெரியும். ரத்தப் பொரியலுக்கும் ஷிராஸ் பழுதில்லை. கறிக்குழம்பில் உப்பைக் கொஞ்சமும் குறைக்காதீர்கள். ஒயினின் கசப்பை உப்பு மட்டுப்படுத்தும். உப்புச் சப்பில்லாத குழம்போடு நல்ல ரெட்டும் கடுப்பாகத்தான் இருக்கும்.

கொள்ளுப் பருப்பு கொஞ்சம் விசித்திரமானது. கொள்ளுக்கே துவர்ப்பு உண்டு. துவர்க்கும் ரெட்டை அதோடு வைத்தால் வாய் சுண்ணாம்பு தின்ற மாதிரி ஆகிவிடும். செனின் இனிப்பும் ஒட்டாது. இனிப்பில்லாத ரோஸேதான் இங்கே பொருத்தம். ரோஸே வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், நம் கடைகளில் கிடைக்கும் ஜின்ஃபாண்டல் ரோஸே பெரும்பாலும் இனிப்புப் பக்கம். அந்த இனிப்பு ரோஸே வீணில்லை. சாயங்காலம் வண்டிக் கடையில் வாங்கி வருகிற காளானுக்கு, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, காரமும் சாஸ் இனிப்பும் கலந்து இருக்குமே, அதற்கு அதுதான் ஜோடி.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். இடியாப்பம் போன்ற எலுமிச்சைச் சந்தகைக்கும் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் சோவின்யோன் பிளாங். பச்சைப்பயறு கடைசலுக்கும், கத்தரிக்காய் தட்டப்பயறு குழம்புக்கும் செனின். பவானிசாகர், மேட்டூர் அணை மீனைப் பொரித்தால் சோவின்யோன் பிளாங்கோடு ஒரு மூடி எலுமிச்சை. ரெட் மட்டும் வேண்டாம், அதிலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பும். அதே மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தால் ஒயினை மூடி வைத்துவிட்டு மோர் குடிக்கலாம். பஜ்ஜி, போண்டா, நேந்திரம் சிப்ஸ், முறுக்கு எல்லாவற்றுக்கும் 'புரூட்', அதாவது இனிப்பில்லாதது, என்று போட்ட நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின், 6 டிகிரிவரை குளிர வைத்தது. அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது கார்க்கைத் திருகாதீர்கள். கார்க்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள், உஸ்ஸென்று வரும். டப்பென்று வெடித்தால் பாதி நுரை தரையில்.

ஊற்றியதும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் பந்தாவுக்கு இல்லை. நனைந்த சாக்கு, ஊறிய அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்ட பாட்டில், குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ருசி இருக்காது. நகப்பாலிஷ் நெடி அடித்தால் காடியாகிக்கொண்டிருக்கிறது. ஒயிட் ஒயின் நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரிப் பழுப்பேறியிருந்தால் காற்றுப் பட்டு வயசாகிவிட்டது. அடியில் சர்க்கரைத் துகள் போலப் படிகம் கிடந்தால் பயப்பட வேண்டாம், அது திராட்சையின் புளிப்பு குளிரில் உறைந்தது. பலர் கண்ணாடித் துண்டு என்று நினைத்து நல்ல பாட்டிலைக் கொட்டியிருக்கிறார்கள்.

அளவு. 750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸ். 150 மில்லி, 12 சதவீதம் என்றால் 14 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த ஒரு கிளாஸே எல்லையைத் தொட்டுவிடும். ஒயின்தானே என்று சாவியை எடுக்க வேண்டாம். கலர் வரும் என்று பெண்களுக்கு, கர்ப்பிணிகளுக்குக் கூட, ஒயின் சிபாரிசு செய்யும் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலரும் வராது, ஒன்றும் வராது. கர்ப்பத்தில் துளியும் கூடாது. 21 வயது ஆகாதவர்களுக்கும் கிடையாது.

இனிப்புக்கு வருவோம். அதிரசம் போன்ற கச்சாயம், போளி என்கிற ஒப்புட்டு, எள்ளுருண்டை இவற்றோடு இனிப்பில்லாத ஒயின் எதை வைத்தாலும் எலுமிச்சைத் தோலைக் கடித்தது போலிருக்கும். பலகாரத்தை விட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே கணக்கு. கொடியிலேயே காய விட்டுப் பறித்த 'லேட் ஹார்வெஸ்ட்' செனின் கிடைத்தால் வாங்குங்கள். தேனும் பாகும் போல இருக்கும், ஆளுக்கு 50 மில்லி தாராளம். வெல்லப் பாகு முற்றாத கச்சாயத்துக்கு அது பொருந்தும். பாகு முற்றிக் கருகல் வாசம் வந்த கச்சாயத்துக்கும் எள்ளுருண்டைக்கும், முதல் பத்தியில் திட்டின அந்தப் போர்ட் ஒயின் இருக்கிறதே, அதைத் தேடி எடுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, சின்ன கிளாஸில் ஊற்றி, எள்ளுருண்டையைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இருமல் மருந்து வாடை போய்விடும். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று நாலு வாரம் தாங்கும், ஒயிட்டும் ரெட்டும் மூன்று நாள்தான்.